இலை ஒரு சிக்னல், கோளாறு வேரில்!

கார்டன் ரீச்சில் குடியிருக்கிறேன் என்று ஊரில் சொன்னால், "பேரிலேயே தோட்டம் இருக்கிறதே, கொடுத்து வைத்தவர்!" என்பார்கள். வந்து பார்த்தவர்களுக்குத்தான் உண்மை தெரியும். ஒரு பக்கம் கப்பல் கட்டும் தளம், ஒரு பக்கம் தென்கிழக்கு ரயில்வேயின் தலைமை அலுவலகம், சற்றுத் தள்ளி மெட்டியாபுரூஸின் தையற்கடைகள், நடுவே ஓயாமல் லாரிகள். ஒரு காலத்தில் இந்த ஹூக்ளிக் கரையில் ஆங்கிலேயர்களின் தோட்ட மாளிகைகள் வரிசையாக நின்றன. அரசை இழந்த அவத் நவாப் வாஜித் அலி ஷா 1856-ல் இங்கே வந்து, 1887-ல் கண்மூடும் வரை இங்கேயே வாழ்ந்தார். அதெல்லாம் பழங்கதை. இன்று எங்களுக்கு வாய்த்த தோட்டம், மொட்டை மாடியிலும் பால்கனியிலும் உள்ள பத்துப் பதினைந்து தொட்டிகள்தான்.

அந்தத் தொட்டிகளில் ஒன்றைப் பற்றியது இந்தக் கட்டுரை. வெற்றிக் கதை அல்ல. நம் மலரில் வெற்றிக் கதைகளுக்குப் பஞ்சமில்லை. ஒரு மாறுதலுக்கு ஒரு தோல்வியையும் படியுங்கள். வீட்டில் செடி வளர்ப்பவர்கள், மீன் வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் ஏதோ ஒரு வகையில் பயன்படும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

2022-ம் வருஷம் ஜூன் மாதம். எங்கள் மேல்மாடியில் குடியிருக்கும் பௌதி, பூனாவில் இருக்கும் மகளின் பிரசவத்துக்காகப் புறப்பட்டார். போகும்போது ஒரு தொட்டியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்து, "தாதா, மூன்று மாதம் பார்த்துக்கொள்ளுங்கள். இது அவர் வாங்கியது" என்றார். 'அவர்' என்றால் காலஞ்சென்ற அவருடைய கணவர். அலிப்பூரில் குளிர்காலத்தில் நடக்கும் மலர்க் கண்காட்சிக்குத் தவறாமல் போவார். (1820-ல் வில்லியம் கேரி நிறுவிய வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தின் தோட்டம் அங்கேதான் இருக்கிறது.) கடைசியாகப் போன வருஷம் வாங்கி வந்தது இந்த ஊதாப்பூ டெண்ட்ரோபியம் ஆர்க்கிட். அதற்கடுத்த குளிர்காலத்தை அவர் பார்க்கவில்லை. செடி மட்டும் வருஷா வருஷம் பூத்துக்கொண்டிருந்தது.

இப்படிப்பட்ட செடியை ஒப்படைத்தால் யார்தான் அலட்சியமாக இருப்பார்கள்? நான் காலை, மாலை இருவேளையும் தண்ணீர் ஊற்றினேன். மழை பலமாக அடிக்கிறதே என்று உள்ளே தூக்கி வந்து, ஜன்னல் இல்லாத மூலையில் வைத்தேன். ஊட்டம் வேண்டாமா என்று தொட்டியில் ஒரு கை மக்கிய சாணம் போட்டேன். ஜூலைக் கடைசியில் இலைகள் சுருங்கின. தண்ணீர் போதவில்லை போலும் என்று மூன்று வேளையாக்கினேன். ஆகஸ்டில் இலைகள் மஞ்சளாகி ஒவ்வொன்றாக விழுந்தன. உரக்கடையில் ஒரு மருந்து வாங்கி அடித்தேன். அடுத்த வாரம் ஒரு தண்டைத் தொட்டுப் பார்த்தேன், கையோடு வந்துவிட்டது. அடியில் ஒரே அழுகல் நாற்றம்.

வெட்கத்தோடு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் ரயில்வேயில் சிக்னல் பிரிவில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவன். கோளாறு கண்டுபிடிப்பதுதான் என் தொழில். ஒரு சிக்னல் சிவப்பிலேயே நின்றுவிட்டால், சிக்னல் கம்பத்தில் ஏறி விளக்கை மாற்றுபவனை எங்கள் பிரிவில் கேலி செய்வார்கள். சிக்னல் காட்டுவது கோளாறின் விளைவை. கோளாறு எங்கோ ஒரு கம்பியிலோ, ரிலேயிலோ, தண்டவாள இணைப்பிலோ இருக்கும். அதைத் தேடிப் போக வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு பாகங்களை மாற்றவும் கூடாது. மாற்றினால் எது கோளாறு என்று கடைசி வரை தெரியாது. இவ்வளவும் தெரிந்த நான், ஒரு செடியின் இலை சுருங்கியபோது என்ன செய்தேன்? இலையைப் பார்த்தேன், தண்ணீரை ஊற்றினேன், உரம் போட்டேன், இடத்தை மாற்றினேன், மருந்தடித்தேன். எல்லாம் செய்தேன், வேரைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தேன்.

எதிர்க்கரை சொல்லும் பாடம்

மனசு கேட்காமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை படகில் ஆற்றைக் கடந்து சிப்பூர் தாவரவியல் தோட்டத்துக்குப் போனேன். கார்டன் ரீச்சுக்கு நேர் எதிர்க்கரை. 1787-ல் கர்னல் ராபர்ட் கிட் தொடங்கிய தோட்டம் அது. 2009 முதல் ஆச்சாரிய ஜகதீஷ் சந்திர போஸ் பெயரைத் தாங்கியிருக்கிறது. ஆர்க்கிட் ஆராய்ச்சியில் அந்தத் தோட்டத்துக்குப் பெரிய இடம் உண்டு. அதன் கண்காணிப்பாளராக இருந்த ஜார்ஜ் கிங், ராபர்ட் பான்ட்லிங் என்பவருடன் சேர்ந்து 1898-ல் சிக்கிம் இமயமலை ஆர்க்கிட்டுகளைப் பற்றி ஒரு பெரும் நூலை வெளியிட்டார். நானூறுக்கும் மேற்பட்ட வகைகள் படங்களுடன் அதில் இடம்பெற்றன.

அதற்கும் முன்பே நடந்த ஒரு சம்பவம் எனக்கு ஆறுதல் தந்தது. 1836-ல் இங்கிலாந்தில் டெவன்ஷயர் கோமகனின் சாட்ஸ்வொர்த் தோட்டத்திலிருந்து ஜான் கிப்சன் என்ற இளம் தோட்டக்காரர் கல்கத்தா வந்தார். இந்தத் தாவரவியல் தோட்டத்தின் உதவியோடு காசி மலைக்குப் போய் ஆர்க்கிட்டுகளைச் சேகரித்து, மறுவருஷம் கப்பலில் கொண்டு சென்றார். அந்தக் காலத்தில் இங்கிலாந்துக்குப் போன ஆர்க்கிட்டுகளில் ஏராளமானவை அங்கே மடிந்தன. பணத்துக்குக் குறைவா? இல்லை. ஆள் பலத்துக்குக் குறைவா? அதுவும் இல்லை. ஆர்க்கிட் என்றாலே வெப்பமண்டலக் காட்டுச் செடி, ஆகவே கடும் வெப்பமும் ஈரமும் இருளும்தான் அதற்குத் தேவை என்று அன்றைய நிபுணர்களே நம்பினார்கள். கண்ணாடி வீடுகளை இறுக மூடி, கணப்பு மூட்டி, தரையில் தண்ணீர் தெளித்து, காற்றே புகாமல் பார்த்துக்கொண்டார்கள். மலைச்சரிவின் குளிர்ந்த காற்றில் மரக்கிளையைப் பற்றி வளர்ந்த செடி அந்த வெந்நீர் அறையில் என்ன செய்யும்? அழுகியது. சாட்ஸ்வொர்த்தின் தலைமைத் தோட்டக்காரர் ஜோசப் பாக்ஸ்டன் போன்றவர்கள் கண்ணாடி வீட்டுக்குள் காற்றை விட்டு, ஒவ்வொரு வகைக்கும் ஏற்ற வெப்பநிலையைத் தனித்தனியே அமைத்த பிறகுதான் நிலைமை மாறியது.

ஜன்னல் இல்லாத மூலையில் நான் செய்ததும் அதுவேதான். பிரபுக்கள் செய்த தவற்றைச் சின்ன அளவில் செய்திருக்கிறேன்.

அதே தோட்டத்தில் உலகப் புகழ்பெற்ற பெரிய ஆலமரம் இருக்கிறதல்லவா? வயது 250-க்கும் மேல். 1864, 1867 புயல்களில் அடிபட்ட அந்த மரத்தின் அடிமரத்தைப் பூஞ்சை அரித்தது. 1925-ல் அந்த அடிமரத்தையே வெட்டி அகற்றினார்கள். அடிமரம் இல்லாமல் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட விழுதுகளின் மேல் அது இன்றும் நிற்கிறது. 2020 மே 20-ந்தேதி அடித்த அம்பன் புயலில் தோட்டத்தின் எத்தனையோ மரங்கள் வேரோடு சாய்ந்தன. ஆலமரமும் காயப்பட்டது, ஆனால் பிழைத்தது. அடிமரம் இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு ஒன்று தோன்றியது. அழுகியதை வெட்ட அவர்களுக்குத் துணிவு இருந்தது. எனக்குத்தான் இல்லை. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகத் தொட்டியைக் கவிழ்த்தேன்.

முதலில் வேர்

அன்று நான் செய்ததையும், பிறகு படித்தும் கேட்டும் கற்றுக்கொண்டதையும் அன்பர்களுக்காகச் சொல்கிறேன்.

நாம் வீட்டில் வளர்க்கும் ஆர்க்கிட்டுகளில் பெரும்பாலானவை மண்ணில் வளர்பவை அல்ல. மரக்கிளைகளில் தொற்றி வளர்பவை. அவற்றின் வேரைச் சுற்றி 'வெலமன்' என்ற பஞ்சு போன்ற உறை இருக்கிறது. மழை பெய்தால் சட்டென்று நீரை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு காற்றில் உலரும். நனைவதும் உலர்வதும் மாறி மாறி நடந்தால்தான் வேர் உயிரோடிருக்கும். எப்போதும் ஈரத்தில் ஊறினால் வேர் மூச்சுத் திணறி அழுகும். வேர் அழுகினால் நீரை உறிஞ்ச வழியில்லை, இலை சுருங்கும். சுருங்கிய இலையைப் பார்த்து நாம் மேலும் தண்ணீர் ஊற்றுவோம். தண்ணீர் போதாத செடியின் இலையும் சுருங்கும், தண்ணீர் அதிகமான செடியின் இலையும் சுருங்கும். இலையை மட்டும் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. தொட்டியிலிருந்து எடுத்து வேரைப் பார்த்தால் ஒரே நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

நல்ல வேர் உலர்ந்திருக்கும்போது வெள்ளி நிறமாகவும் நனைந்ததும் பச்சையாகவும் இருக்கும். அழுத்தினால் கெட்டியாக இருக்கும். கெட்ட வேர் பழுப்பாக, கொழகொழவென்று இருக்கும். இழுத்தால் உறை கழன்று உள்ளே நூல் மாதிரி ஒரு நரம்பு மட்டும் மிஞ்சும். பிளேடையோ கத்தரியையோ தீயில் காட்டி ஆறவைத்துக் கெட்டதையெல்லாம் தயங்காமல் வெட்டுங்கள். வெட்டிய முனையில் மட்டும் சமையலறைப் பட்டைப் பொடியைத் தொட்டு வையுங்கள், பூஞ்சையைத் தடுக்கும். நல்ல வேரில் தூவினால் வேரையே உலர்த்திவிடும், ஜாக்கிரதை. செம்பு கலந்த பூஞ்சை மருந்து டெண்ட்ரோபியத்துக்கு ஒத்துக்கொள்ளாது. நான் அவசரத்தில் அடித்த மருந்து அந்த வகைதான் என்று பிறகு புட்டியைப் படித்தபோது தெரிந்தது.

மறுபடி வைக்கும்போது மண்ணும் வேண்டாம், சாணமும் வேண்டாம். பக்கவாட்டில் துளையுள்ள சிறிய மண்தொட்டியில் அடுப்புக்கரித் துண்டும் உடைந்த செங்கல்லும் போதும். நம் ஊர் மழைக்காலத்தில் தேங்காய் நார் நாள் கணக்கில் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆகவே அதைக் குறைத்துக்கொள்வது நல்லது. நாலைந்து நாள் நிழலில், காற்றோட்டத்தில் தண்ணீர் ஊற்றாமல் வைத்துப் பிறகு சிறிது சிறிதாக ஆரம்பிக்கலாம். புது வேர் முனை எட்டிப் பார்க்கும் வரை உரம் கூடாது. பிறகும், டப்பாவில் போட்டிருக்கும் அளவில் கால் பங்கு போதும்.

மற்ற அறிகுறிகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இலை கரும்பச்சையாகச் செழித்திருக்கிறது, பூ மட்டும் வரவில்லை என்றால் வெளிச்சம் போதவில்லை. இலையில் வெளுத்த அல்லது கருகிய திட்டு இருந்தால் வெயில் அதிகம். நண்பகலில் இலையைத் தொட்டுப் பாருங்கள், சுட்டால் நிழல் தேவை. தொட்டி விளிம்பிலும் கரியின் மேலும் வெள்ளையாக உப்புப் படிந்தால் உரமோ உப்பு நீரோ காரணம். மழைநீரைப் பிடித்து நன்றாகக் கழுவி விடுங்கள். ஃபெலனாப்ஸிஸ் வகைக்கு இலைகளின் நடுக்குருத்தில் தண்ணீர் தேங்கி ராத்திரி முழுவதும் நின்றால் குருத்தே அழுகும். எனவே காலையில்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும். செதில் பூச்சியும் மாவுப் பூச்சியும் வந்தால் சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைத்தாலே பெரும்பாலும் போதும்.

இன்னும் இரண்டு விஷயம். டெண்ட்ரோபியத்தில் சில வகைகள் குளிர்காலத்தில் இலையெல்லாம் உதிர்த்துவிட்டு வெறுங்குச்சியாக நிற்கும்; வசந்தத்தில் அந்தக் குச்சியிலேயே பூக்கும். செத்துவிட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். அடுத்தது, டார்ஜிலிங், காலிம்போங் போய் வரும்போது பூவோடு வாங்கி வருகிறோமே, சிம்பிடியம், அது நம்மிடம் மறுபடி பூக்கவில்லையே என்று வருந்த வேண்டாம். பெரிய பூ வைக்கும் அந்த வகைகளில் பெரும்பாலானவற்றுக்கு மொட்டு வைக்கக் குளிர்ந்த இரவுகள் வேண்டும். கொல்கத்தாவின் புழுக்கத்தில் அதை எதிர்பார்ப்பது செடியின் குற்றமும் அல்ல, உங்கள் குற்றமும் அல்ல.

மீன் தொட்டியும் கறிவேப்பிலையும்

என் கதையைச் சொன்னதும் நண்பர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் தோல்விகளைச் சொல்ல ஆரம்பித்தார்கள். கேட்கக் கேட்க எல்லாம் ஒரே கதையாக இருந்தது.

லேக் மார்க்கெட் பக்கம் இருக்கும் நண்பர் ஒருவர் பேரனுக்காக மீன் தொட்டி வாங்கினார். மூன்றாம் நாள் தண்ணீர் பால் மாதிரி கலங்கியது. சுத்தம் பத்தாது என்று தண்ணீரை முழுவதும் கொட்டி, கல்லையும் வடிகட்டிப் பஞ்சையும் குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் கழுவினார். மறுபடி கலங்கியது, மறுபடி கழுவினார். பத்தே நாளில் ஆறு மீன்களும் போய்விட்டன, பேரன் அழுத அழுகை சொல்லி முடியாது. நடந்தது இதுதான். மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது; அது மீனுக்கு விஷம். அதைத் தின்று தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றும் நுண்ணுயிர்கள் கல்லிலும் பஞ்சிலும் குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். முதல் வாரக் கலங்கல் பெரும்பாலும் தானே தெளியும். அவர் ஒவ்வொரு முறை கழுவும்போதும் குழாய் நீரின் குளோரின் அந்த நுண்ணுயிர்களைக் கொன்றது. இரண்டு மீனோடு தொடங்கி, தீனியைக் குறைத்து, வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீரை மட்டும், அதுவும் குளோரின் போக ஒரு நாள் திறந்து வைத்த தண்ணீராகவோ 'ஹைப்போ' கலந்த தண்ணீராகவோ மாற்றியிருந்தால் மீன்கள் பிழைத்திருக்கும். பஞ்சை அலச வேண்டுமானால் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலச வேண்டும்.

கறிவேப்பிலை விஷயம் நம் வீடுகள் எல்லாவற்றிலும் உண்டு. ஊரிலிருந்து ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்த கன்று டிசம்பரில் மஞ்சளாகி இலை கொட்டும். உடனே நம் வீட்டு அம்மாள்கள் புளித்த மோரும் அரிசி கழுவிய நீரும் தினமும் ஊற்றுவார்கள். இந்த ஊர்க் குளிரில் கறிவேப்பிலை உறங்கும் பருவம் அது. உறங்குகிறவனை எழுப்பிச் சாப்பாடு திணிப்பது போலத்தான். தண்ணீரைக் குறைத்து, நல்ல வெயிலில் வைத்துவிட்டுச் சும்மா இருந்தால் பிப்ரவரி, மார்ச்சில் துளிர்க்கும். மோரையும் எருவையும் அப்போது கொடுங்கள், ஆசையாக வாங்கிக்கொள்ளும்.

மூன்று கதையிலும் குற்றவாளி அலட்சியம் அல்ல, பதற்றம். ஏதாவது செய்தே ஆகவேண்டும் என்ற பதற்றம். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று வாயால் சொல்லிக்கொண்டே கையால் ஊற்றிக்கொண்டிருக்கிறோம். என் யோசனை இது: ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். என்ன அறிகுறி, என்றைக்குப் பார்த்தீர்கள், என்ன ஒன்றை மாற்றினீர்கள் என்று எழுதுங்கள். இரண்டு வாரம் பொறுத்திருந்து பாருங்கள். பிறகு அடுத்ததை மாற்றுங்கள். அழுகல் ஒன்றுக்குத்தான் அவசரம், மற்றதெல்லாம் காத்திருக்கும்.

ஆசை காட்டுக்குள்ளும் போகிறது

செடி ஆசை பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். உலகில் சுமார் 28,000 வகை ஆர்க்கிட்டுகள் இருக்கின்றன. நம் பொதிகை மலையைச் சேர்ந்த அகத்தியர் மலைப் பகுதியில் மஞ்சள் நிறப் பூப்பூக்கும் ஒரு செருப்பு வடிவ ஆர்க்கிட் உண்டு. 1865-ல் கர்னல் டுரூரி கண்டெடுத்ததால் அவர் பெயராலேயே பாஃபியோபெடிலம் டுரூரி என்று அழைக்கப்படுகிறது. அழகுக்காக ஆட்கள் வேரோடு பிடுங்கிப் பிடுங்கி, இயற்கையில் அதைக் காண்பதே அரிதாகிவிட்டது. ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. ஊருக்குப் போகிறவர்கள் குழந்தைகளை அழைத்துப் போய்க் காட்டலாம். வாங்குவதென்றால் நர்சரியில் பெருக்கிய செடியையே வாங்குங்கள். மரக்கிளையோடு ஒடித்துக் கொண்டுவந்து சாலையோரம் விற்பதை வாங்கினால், சட்டப்படியும் சிக்கல், பெரும்பாலும் அது பிழைப்பதும் இல்லை.

பௌதி வந்த நாள்

செப்டம்பரில் பௌதி திரும்பினார். அதற்குள் ஏழு தண்டில் ஆறு போய்விட்டது. ஏழாவதிலும் அடிப்பாகம் அழுகல். மேலே ஒரு சாண் நீளம் மட்டும் பச்சை. அந்தத் துண்டை ஈரப் பாசியின் மேல் படுக்க வைத்திருந்தேன். டெண்ட்ரோபியத்தின் தண்டை அப்படி வைத்தால் கணுவிலிருந்து குட்டிச் செடி முளைக்கும் என்று படித்திருந்தேன். என் மனைவி, "அதே மாதிரி ஊதாப்பூ ஒன்று வாங்கி வைத்துவிடுங்களேன், அவருக்கு வித்தியாசமா தெரியப் போகிறது?" என்றாள். உண்மையைச் சொன்னால், நானும் அதைத்தான் இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன். ஆனால் சிக்னல் பிரிவில் கோளாறை மறைத்து எழுதியவன் யாருக்கும் நல்லது செய்ததில்லை.

அந்தத் துண்டைத் தட்டில் வைத்து எடுத்துப் போய், நடந்ததையெல்லாம் வரிசையாகச் சொன்னேன். பௌதி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அவரும் முதல் செடியை இப்படித்தான் தண்ணீர் ஊற்றியே கொன்றார், தாதா. இது அவருடைய இரண்டாவது செடி" என்றார். அந்தத் துண்டை அவர் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. "நீங்களே வையுங்கள். முளைத்தால் கொடுங்கள்" என்று சொல்லிவிட்டார்.

முளைத்தது. நவம்பரில் ஒரு கணுவில் பச்சைப் புள்ளி. மார்ச்சில் இரண்டு அங்குல வேரோடு ஒரு குட்டிச் செடி. கரித்துண்டுத் தொட்டியில் வைத்து, ஆற்றுக்காற்று வரும் பால்கனிக் கம்பியில் தொங்கவிட்டேன். கை துறுதுறுக்கும்போதெல்லாம் நோட்டுப் புத்தகத்தை எடுத்து எழுதினேனே தவிர, தண்ணீர்க் குவளையை எடுக்கவில்லை. 2024 நவம்பரில் முதல் பூங்கொத்து வந்தது. மொத்தம் மூன்றே பூ. தாய்ச்செடி இருபது பூ பூத்ததாம். மூன்றாவது பூ விரிந்த அன்று காலை தொட்டியை மேல்மாடிக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன். இப்போது அது அவர் வீட்டு ஜன்னலில் இருக்கிறது. பௌதி வாரத்துக்கு இரண்டு முறைதான் தண்ணீர் ஊற்றுகிறார். எனக்கு அனுமதி இல்லை!

அன்பர்களே, நம் சங்கக் கூட்டத்துக்கு அடுத்த முறை வரும்போது, உங்கள் வீட்டில் பூத்த பூவின் படத்தோடு, பிழைக்காத செடியின் வேரையும் ஒரு காகிதத்தில் சுற்றிக் கொண்டுவாருங்கள். எல்லோருமாகச் சேர்ந்து பார்ப்போம்.